தாமத நோட்டு

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியும் நானும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தான் லாரியில் இருக்கிறாரா, வீட்டில் இருக்கிறாரா? குட்டியின் கடைவாய்ப் பல் விழுந்ததா?

வேலை ஒரு வருஷத்துக்குத்தான் என்று உத்தரவிலேயே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பையன்கள் என்னை ‘பி.டி. சார்’ என்கிறார்கள். இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பேட்மின்டன் அரங்கம் ஒன்று உண்டு. மரத்தரை, முகம் பார்க்கலாம். வாசலில் ‘ஷூ இல்லாமல் உள்ளே வரக்கூடாது’ என்று பலகை. அறுநூறு பையன்களில் ஷூ இருப்பது எழுபது பேருக்கு. மிச்சப் பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஷட்டில் டப்பா தலைமையாசிரியர் பீரோவில் பூட்டியிருக்கிறது. இறகு ஒடிந்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது.

வெளியில் சைக்கிள் ஸ்டாண்ட். நூற்றுக்கும் மேல் சைக்கிள்கள், கூரை கிடையாது. கேட்டில் ஒரு காவலர் தாமத நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது மணிக்கு மேல் வருகிறவன் பேர் அதில் ஏறும். முதல் பீரியட் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். நிற்கிற பத்துப் பன்னிரண்டு பேரும் சைக்கிளில் வருகிறவர்கள். கார்ப் பையன்களும் தாமதமாகத்தான் வருகிறார்கள். அவர்கள் பேரைக் காணோமே என்று கேட்டேன்.

“கண்ணாடி ஏத்தியிருக்கு சார். உள்ள யாரு இருக்கான்னு எப்படி எழுதுறது?” என்றார்.

ஏழை தாமதமாக வந்தால் ஒழுக்கக்கேடு. பணக்காரன் தாமதமாக வந்தால் போக்குவரத்து நெரிசல். இப்படி எழுதினால் நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி

ஜூன் 30

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். பல் விழுந்துவிட்டது. அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள், நீ வந்தால் காட்டுவாளாம். அத்தான் லோடு எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நாள் ஆகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே யாரோடும் சண்டை போடாதே. உன் வாய் உனக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய்விடும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவை ஊருக்கு வெளியே புதுக் கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். முன்பு தெருவைக் கடந்தால் வேலை. இப்போது கொஞ்சம் தூரம். காலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் இடத்திலும் ஒரு நோட்டு உண்டு தம்பி. மூன்று சிவப்புக் கோடு விழுந்தால் இஸ்திரிப் பகுதியிலிருந்து ஈரப் பகுதிக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போனவர்களின் விரல் இடுக்கைப் பார்த்திருக்கிறேன். அது கிடக்கட்டும்.

வெயிலில் நிற்கிற பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டாயா? நோட்டில் பேர் எழுத ஆயிரம் பேர் உண்டு. வழியைக் கேட்க ஒருத்தர் வேண்டாமா?

அன்புடன்,
அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்கு லேசான சளி, மற்றபடி நலம். நீயும் குட்டியும் நலம்தானே?

கேட்டேன். நோட்டில் எல்லா நாளும் பேர் இருக்கிற பையன் ஒருத்தன், பத்தாம் வகுப்பு. எல்லா நாளும் ஒரே நேரம், ஒன்பது பதினைந்து. பையன்கள் அவனை ‘ஒன்பதே கால்’ என்றே கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

“ஏன்டா, கால் மணி நேரம் முன்னாடி கிளம்பினா என்ன?”

“கிளம்பலாம் சார். தம்பியோட ஸ்கூல் கேட்டை எட்டே முக்காலுக்குத்தான் திறப்பாங்க. அதுக்கு முன்னாடி அவனை ரோட்டுல நிறுத்திட்டு வர முடியாதுல்ல.”

தம்பிக்கு ஆறு வயது. காரியரில் உட்கார வைத்துக்கொண்டு வந்து இறக்குகிறான். அங்கிருந்து எங்கள் கேட் வரை நானே ஓட்டி அளந்து பார்த்தேன், பதினோரு கிலோமீட்டர். அரை மணி நேரத்தில் வருகிறான் அக்கா. புத்தகப்பையோடு, துருப்பிடித்த சாதா சைக்கிளில், நடுவில் ஒரு மேட்டையும் ஏறி. நான் கல்லூரியில் பந்தயம் ஓட்டியவன், எனக்கு இரண்டு நிமிஷம் கூட ஆனது.

மூன்று தாமதம் ஒரு நாள் விடுப்பு என்பது இங்கே கணக்கு. அவன் தினமும் வருகிறான், ஆனால் பதிவேட்டில் மூன்றில் ஒரு நாள் வரவில்லை. எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாதவன் பேரை டிசம்பரில் பட்டியல் போட்டு ஒட்டுவார்கள். அவனுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. இவனுக்கு இப்போது அறுபத்தாறு.

தலைமையாசிரியரிடம் போய், ஒரு சைக்கிள் அணி தொடங்கலாம் என்றேன்.

“சைக்கிள் ஓட்டுறது விளையாட்டா சார்? பால்காரர்கூடத்தான் ஓட்டுறார்” என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, எனக்கு ஓட்டப் பழக்கியது நீதான். சீட்டைப் பிடித்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினாய். நீ கையை விட்டது தெரியாமல் நான் பேசிக்கொண்டே போனேன். பால்காரர் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, ஏனென்று தெரியவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

சளிக்கு வெந்நீர் குடி, மாத்திரைக்குப் பறக்காதே. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்காலில் மட்டும் ஒரு சிராய்ப்பு. ஒன்றுமில்லை, காய்ந்துவிட்டது.

நீ அந்தப் பையனை நேரத்துக்கு வரவைக்கப் பார்க்கிறாய். அது நடக்காது. கேட்டை நீயா திறக்கிறாய்? அவன் வருவதையே பயிற்சி என்று எழுதேன். பேட்மின்டன் பையன்கள் அரங்கத்தில் குதித்தால் பயிற்சி, இவன் பதினோரு கிலோமீட்டர் மிதித்தால் தாமதமா? எங்கள் மேற்பார்வையாளரும் அப்படித்தான், அவர் டீ குடிக்கப் போனால் ‘ஆய்வு’ என்று எழுதுவார். நோட்டில் எதை எழுதுகிறோமோ அதுதான் நடந்தது.

ஒரு சந்தேகம். உன் பையன்களுக்கு எந்தப் பிரேக்கை முதலில் பிடிக்கச் சொல்வாய், முன்னாடியா, பின்னாடியா? குட்டி கேட்கிறாள்.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை, அத்தனை சந்தோஷம். நீங்கள் மூவரும் சௌக்கியம்தானே?

நீ ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறாய், இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்த வேண்டியவள். சுற்றறிக்கைக் கோப்பைத் தேடினேன். நாலு வருஷத்துக்கு முந்தைய தாள் ஒன்று கிடைத்தது: ‘காலைப் பயிற்சியில் ஈடுபடும் பேட்மின்டன் அணியினர் ஒன்பதரை மணி வரை வகுப்புக்கு வரலாம். அது தாமதமாகக் கருதப்படாது.’ கையெழுத்து இதே தலைமையாசிரியருடையது. அதை எழுத்துக்கு எழுத்து நகல் எடுத்து, பேட்மின்டன் என்கிற இடத்தில் மட்டும் சைக்கிள் என்று போட்டு நீட்டினேன்.

மூன்று தரம் படித்தார். குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை, அவருடைய தமிழ்தானே.

“ஒருத்தன் அணி ஆக மாட்டான் சார். நாலு பேராவது வேணும். நவம்பர்ல மாவட்டப் போட்டி. நாப்பது கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். நாலு பேர் நேரத்துக்குள்ள முடிக்கட்டும், ஜூன்லேர்ந்து கணக்கு வெச்சுக் கையெழுத்துப் போடுறேன். முடிக்கலைன்னா டிசம்பர் பட்டியல்ல அவன் பேர் இருக்கும்.”

தாமத நோட்டை வாங்கி, அதிலிருந்தே அணியைப் பொறுக்கினேன். ஒன்பதே கால் ஒருத்தன். எந்நேரமும் தொணதொணவென்று பேசுகிற டைனமோ ஒருத்தன். ஒரே சைக்கிளை மாற்றி மாற்றி மிதித்து வருகிற இரட்டையர் இரண்டு பேர், அவர்களில் ஒருத்தனுக்கு என் சைக்கிளைக் கொடுத்துவிட்டேன். நாலுக்கு நாலு, உபரி இல்லை. பேட்மின்டன் கேப்டன் மட்டும் எட்டிப் பார்த்தான், நிர்வாகக் குழுத் தலைவரின் மகன். போய் ஏ.சி.யில் குதி என்று அனுப்பிவிட்டேன்.

குட்டியிடம் சொல்: இரண்டு பிரேக்கையும் சேர்த்து, பின்னாடியதைக் கொஞ்சம் முன்னதாக.

தம்பி

செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். அத்தான் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். முழங்கை லேசாக வலிக்கிறது, மூட்டை தூக்கியதால் இருக்கும். நீ இளைத்துவிடாதே.

அந்தக் கேப்டனை ஏன் விரட்டினாய்? அப்பன் காரில் வருவது பிள்ளையின் குற்றமா? நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், கோபம் நியாயமாக இருக்கும், விழுகிற இடம் தப்பாக இருக்கும். நாலு பேரில் ஒருவனுக்கு வயிற்றுவலி வந்தால் என்ன செய்வாய்?

திருப்பத்தில் எங்கே பார்க்கச் சொல்வாய், சக்கரத்தையா, சாலையையா? சக்கரத்தைப் பார்த்தால் அது பள்ளத்தைத் தேடிக்கொண்டு போகிறதாம். குட்டி சொல்கிறாள்.

அன்புடன்,
அக்கா

செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முழங்கைக்கு ஒத்தடம் கொடு. குட்டி என்ன, சைக்கிள் கடை வைக்கப் போகிறாளா? திருப்பத்தில் பத்தடி தள்ளிப் பார்க்கச் சொல், கண் போகிற இடத்துக்குத்தான் சக்கரம் போகும்.

பேட்மின்டன் இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். எதிரணிக்கு அரங்கமே கிடையாது. திறந்தவெளியில் காற்றோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள். முதல் கேம் நமக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் நம் கேப்டன் நின்ற இடத்தில் நின்றான், ஷட்டில் அவனைச் சுற்றி விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான்.

“மூணாவது கேம்ல மூச்சு வாங்குது சார். இவனுங்களுக்கு மேட்டுல ஏறினாலும் வாங்க மாட்டேங்குது. நானும் வர்றேன்.”

“உன் கியர் சைக்கிள் போட்டிக்கு ஆகாது. சாதா சைக்கிள்தான்.”

“எங்கிட்ட இல்லையே சார்.”

டைனமோ குறுக்கே புகுந்தான். “காரைத் தள்ளிக்கிட்டு வாடா, அதுவும் பயிற்சிதான்.”

காவலர் தன் சைக்கிளைத் தருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை: நோட்டில் பேர் எழுத வேண்டும். போன வாரம் கேப்டன் ஒன்பது இருபதுக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டு வந்தான், முதல்முறையாக அவன் பேர் ஏறியது. எட்டிப் பார்த்துவிட்டு, “எழுத்துப் பிழை இருக்கு அண்ணே” என்றான். “பழக்கமில்லாத பேரு தம்பி” என்றார் காவலர்.

நீ சொன்னது சரிதான், வேறு என்ன எழுதச் சொல்கிறாய்? இப்போது மத்தியானத்தில் அரங்கத்தைத் திறந்துவிடுகிறேன். காலைக் கழுவிவிட்டு யாரும் வரலாம். பலகை கீழே விழுந்துவிட்டது. நானாக எடுக்கவில்லை, ஆணி பலவீனம்.

பதில் போடு.
தம்பி

அக்டோபர் 29

மாமாவுக்கு,

நான் நலம், நீங்கள் நலமா? இந்தக் கடிதத்தை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, ஆனால் அம்மா எழுதுவது இடது கையில். அதனால்தான் இத்தனை நாள் கடிதம் இல்லை. படியில் விழுந்துவிட்டேன் என்று எழுது என்கிறார்கள். எழுதிவிட்டேன்.

எலும்பு முறியவில்லை. வேலைக்கு நடந்து போகிறார்கள், அஞ்சு மணிக்கே எழுந்து. நோட்டில் இரண்டு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. இதை எழுதாதே என்கிறார்கள், ஆனால் பேனாவில் எழுதினதை அழிக்க முடியாது.

போட்டிக்கு முதல் நாள் பையன்களை நன்றாகத் தூங்கச் சொல்லணுமாம். கேப்டனைத் திட்டக் கூடாதாம்.

நான் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை மாமா. எனக்கு ரெண்டு வருஷமாகவே ஓட்டத் தெரியும். அம்மா பார்க்காதபோது இந்த வரியை எழுதினேன். எங்கள் வீட்டில் படியும் கிடையாது.

உங்கள் குட்டி

நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? தைலம் தடவு. இனிமேல் படியில் பார்த்து இறங்கு. குட்டியின் கையெழுத்தை அவசரமாகத்தான் படித்தேன், நன்றாகத் திருந்தியிருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி போட்டி. தலையில் வேறெதுவும் ஏறவில்லை. ஒன்பதே கால் காரியரைக் கழற்ற மாட்டேன் என்கிறான், இரண்டு கிலோ இரும்பு. “மறுநாள் தம்பியை எங்க சார் உக்கார வைக்கிறது?” என்கிறான். அடம்.

முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன்.
தம்பி

நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். இரண்டு நாளாகத் தொண்டை மட்டும் இல்லை, கத்தியதில் போய்விட்டது. உன் மணிக்கட்டு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

முதல் முப்பது கிலோமீட்டர் சொல்ல ஒன்றுமில்லை. இரட்டையர் முன்னால், ஒன்பதே காலும் டைனமோவும் நடுவில், கேப்டன் காவலரின் சைக்கிளில் கடைசியில், கிறீச் கிறீச்சென்று. முப்பத்தோராவது கிலோமீட்டரில் ஒரு திருப்பம், அதில் மணல். டைனமோ விழுந்தான். முன்சக்கரம் எட்டுப் போல வளைந்துவிட்டது, கையை அசைக்க முடியவில்லை. ஒன்பதே கால் நிறுத்தி இறங்கினான். பின்னால் வந்த கேப்டனும் இறங்கப் பார்த்திருக்கிறான்.

“நீ போடா. ரெட்டையரு ரெண்டு, நீ, நான், நாலு. நீ நின்னா கணக்கு இடிக்கும்” என்றானாம் ஒன்பதே கால்.

“அப்ப நீ?”

“இவனை ரோட்டுல போட்டுட்டா வர முடியும்?”

டைனமோவின் சைக்கிளைப் பக்கத்துப் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு, அவனைக் காரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தான். அந்தக் காரியரில்தான். மிச்சம் ஒன்பது கிலோமீட்டர், கையில் இருந்தது அரை மணி நேரம்.

நான் கோட்டருகே நிற்கிறேன். இரட்டையர் முடித்தார்கள். கேப்டன் ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். எண்ணிக்கொண்டிருந்த என் கை மூன்று விரலைக் காட்டியது. நாலாவதைக் காணோம். அப்புறம் டைனமோவின் குரல் கேட்டது அக்கா, ஆள் தெரிவதற்கு முன்னால் குரல். “மிதிடா, மிதிடா, லெஃப்ட்ல குழி, மிதிடா.” ஒரு நிமிஷம் பாக்கி இருக்கும்போது இரண்டு பேரும் கோட்டைத் தாண்டினார்கள்.

நடுவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கூடுதல் கனம் ஏற்றக்கூடாது என்று எங்கும் இல்லை. “இப்படி ஒருத்தன் வருவான்னு யாரு நெனச்சா” என்று முணுமுணுத்துக்கொண்டே ‘முடித்தார்’ என்று எழுதினார். ஒன்பதே கால் கடைசி இடம். எங்களுக்குப் பதக்கம் எதுவும் இல்லை. கனமாக இல்லையா என்று கேட்டேன். “தம்பியைவிட லேசுதான் சார். அவன் ஆடிக்கிட்டே வருவான், இவன் பேச மட்டும்தான் செய்றான்.”

நேற்றுத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஜூன் முதல் தேதியிலிருந்து. என் ஒரு வருஷத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வெறுத்த பையன் வந்து சேராவிட்டால் கணக்கு மூன்றோடு நின்றிருக்கும். இதை உனக்கு மட்டும்தான் எழுதுவேன்.

டைனமோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இடது மணிக்கட்டில் கட்டு, முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்பு. டாக்டர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சைக்கிளா? புதுசா பழகுறவங்க, விழுந்து எழுறவங்க எல்லாருக்கும் இதே மூணு இடம்தான்” என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி

நவம்பர் 15

அக்கா,

உங்கள் வீட்டில் படி கிடையாது.

நேற்றுக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது. அறைக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். முழங்கால், பிரேக், முழங்கை, திருப்பம், மணிக்கட்டு. குட்டி பச்சையாகவே எழுதியிருக்கிறாள். நாலு மாதமாக ஊரான் வீட்டுப் பிள்ளைகள் வருகிற வழியை அளந்துகொண்டிருந்தவன், உன் வேலை இடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை.

அந்த மைதானத்தில் எத்தனை சாயங்காலம் என் பின்னால் ஓடினாய். ஒருநாளாவது, “நீ ஏறு, நான் பிடிக்கிறேன்” என்று சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா சொல்லவில்லை, பெண்ணுக்கு எதற்குச் சைக்கிள் என்பவர், அது வேறு. நானும் சொல்லவில்லை.

டிசம்பர் விடுமுறைக்கு வருகிறேன். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்.

கை எப்படி இருக்கிறது என்று உண்மையை எழுது.

தம்பி

நவம்பர் 26

அன்புத் தம்பிக்கு,

கை ஆறிவிட்டது. இது என் கையெழுத்துத்தான், கோணலாக இருந்தால் எப்போதும் போலத்தான். அத்தானும் குட்டியும் சுகம். உன் தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி. கத்துகிற வேலையை டைனமோவிடம் விட்டுவிடு.

ஆறரைக் கிலோமீட்டர். கேட்டுவிட்டாய், சொல்லிவிட்டேன்.

வேறு வழியில்லாமல்தான் தொடங்கினேன். அத்தானின் சைக்கிள் சுவரில் சாய்ந்தே கிடந்தது. குட்டிதான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் அவர்களுக்கே அலுத்துவிட்டது. அத்தான் வந்தபோது என் முழங்கையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். சீட்டை இறக்கி முடுக்கிவிட்டு லாரிக்குப் போனார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருப்பாய். உன் கோபத்தையும் சேர்த்து அனுப்பியிருப்பாய், அப்பாவைத் திட்டி, ஊரைத் திட்டி. எனக்குத் திட்ட நேரமில்லை, எட்டு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் இன்னொன்று. மைதானத்தில் கையை விட்டதும் நீ பேசிக்கொண்டே போனாயே, எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. அதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. போன மாதம் ஒரு நாள் குட்டியோடு பேசிக்கொண்டே போனேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் அரைத் தெரு பின்னால் நின்றுகொண்டு கை ஆட்டுகிறாள். அன்றைக்குத் திரும்பிப் பார்த்ததில்தான் மணிக்கட்டு.

மூன்றாவது கோடு விழவில்லை. திங்கட்கிழமை பத்து நிமிஷம் முன்னதாகவே போய்விட்டேன். மேற்பார்வையாளர் கடிகாரத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். அவர் நோட்டில் சீக்கிரம் வந்தவர்களுக்குக் கட்டம் இல்லை.

ஒன்பதே காலிடம் நான் கேட்டதாகச் சொல். தேர்வுக்கு நன்றாகப் படிக்கச் சொல். கேப்டனிடமும் சொல், அந்தக் காவலரின் சைக்கிளுக்கு எண்ணெய் போடச் சொல்லி.

விடுமுறைக்குக் கட்டாயம் வா. பிடித்துக்கொண்டு ஓட இங்கே எதுவும் மிச்சமில்லை. பஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன், ஒரு பெட்டிதான் கொண்டு வர வேண்டும். காரியரில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள், ஆடாதே. வழியில் ஒரு மேடு இருக்கிறது. அங்கே மட்டும் இறங்கி நடக்க வேண்டியிருக்கும், நீ மட்டும்.

அன்புடன்,
அக்கா